நாற்பத்தொன்று பி

ஒன்பது பவுண்டு. மூன்று மணி நேரம்.
தேநீர் இலவசம், பிஸ்கட்டுக்கு அடிதடி.
எழுபத்து நான்கு ஜனவரி, வட லண்டனில்
வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயத்துக்குள்
மைக்குகளை நட்டு வைத்திருந்தார்கள்.
நிலக்கரி இல்லை.
வாரத்தில் மூன்று நாள்தான் ஊருக்கு மின்சாரம்.
மற்ற நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
முட்டை பொரித்தவள் நான்.

காலையில் ஷாம்பு விளம்பரம்.
அதே வயோலாவில் மதியம் காதல்.
தாளின் தலையில் பாட்டின் பெயர் இல்லை,
ஓர் எண் மட்டும்: நாற்பத்தொன்று பி.
பாடகன் வரவில்லை. அடுத்த வாரம் வந்து
எங்கள் மேல் குரலை ஊற்றிவிட்டுப் போவான்.

கோட்டைக் கழற்றாமலே கோல் வீசினார்
டெஸ்மண்ட் பிளைத்.
'இன்னும் கொஞ்சம் வெண்ணெய்' என்றார்.
ஏற்கெனவே பன்னிரண்டு வயலின், ஆறு வயோலா,
மூன்று ஹார்ன், ஒரு ஹார்ப்,
முக்கோண மணி தட்ட என்றே தனியாக ஓர் ஆள்.
வெண்ணெய்க்கு அடியில் ரொட்டி எங்கே என்று
தேட வேண்டியிருந்தது.
என் பக்கத்து நாற்காலி ஐவர் பெட்டிஃபர்
ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும்
வில்லைக் கைக்குட்டையால் துடைப்பார்.
பாகு ஒட்டியிருக்குமாம்.

வயலின்கள் வானத்தில். செல்லோக்கள் நெஞ்சில்.
வயோலா சுவருக்குள் இருக்கும் செங்கல்.
நான்கு எண்ணும்வரை ஒரே ஸ்வரம்,
பிறகு பக்கத்து ஸ்வரம், இன்னொரு நான்கு.
ரயிலடியில் விட்டுவரப்பட்ட ஒருத்தியை
அவ்வளவு நேரமும் நாங்கள் தாங்கிப் பிடித்திருந்தோம் என்பது
பாட்டு வெளியான பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பல்லவிக்கு
எல்லாமே அரைச் சுருதி மேலே ஏறும்.
மலிவான வித்தை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
இருந்தாலும் ஏறும்போது
அடிவயிற்றில் ஒரு படகு தூக்கும்.
அன்று அந்தப் படகில் நான் சற்று நிமிர்ந்துவிட்டேன்.
நாற்காலி கிறீச்சென்றது.
கண்ணாடிக்குப் பின்னால் கடிகாரத்தைப் பார்த்தார்கள்:
ஐந்தைத் தாண்டினால் கூடுதல் கூலி.
'யாருக்குக் கேக்கப்போவுது' என்றது ஒரு குரல்.
சிவப்பு விளக்கு அணைந்தது.
கூலியில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினேன்.
ஒரு மழைக்கே வாய் பிளந்தது.

பிறகு அதைப் பல் மருத்துவரிடம் கேட்டேன்,
லிஃப்டுகளில் கேட்டேன்,
முன்பின் தெரியாதவர்களின் கல்யாணங்களில்,
ஒரு முறை விவாகரத்து வக்கீலின் வரவேற்பறையில்.
என்னுடைய வக்கீல்தான்.
ஐவரைப் புதைத்த அன்று
வாடகைக் காரின் வானொலியில் கேட்டபோது
வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு
கைக்குட்டையைத் தேடினேன்.

இந்த நவம்பரில், கீத்லியில், ஒரு டயர் கடை.
சட்டைப் பையில் ஜாரெட் என்று தைத்திருந்த பையன்.
அப்போது அவன் அம்மாகூடப் பிறந்திருக்க மாட்டாள்.
வானொலியில் நாற்பத்தொன்று பி.
அவன் வார்த்தைகளைப் பாடவில்லை,
வார்த்தைகளுக்கு நடுவே வரும் வயலின்களைச்
சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.
பல்லவி நெருங்கியது. பொத்தானை அழுத்தினான்.
என் கிழட்டு ஃபியட் தரையை விட்டு எழுந்தது,
அரைச் சுருதி, ஓர் அடி, ஆளுயரம்,
நான்கு சக்கரமும் தொங்க, மழைநீர் சொட்ட.
அது அவ்வளவு அழகு என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

'இதுல நான் இருக்கேன்' என்றேன்.
'எது நீங்க?'
காதைக் கூர்மையாக்கிப் பார்த்தேன்.
ஆறு வயோலாவும் ஒரே கம்பளியாகக் கிடந்தன.
எந்த இழை என்னுடையது?
'நான் அந்த நாற்காலி' என்றேன் கடைசியில்.
'சுருதி ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வருமே.'
அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.
உதட்டைக் குவித்து, அச்சு அசலாக,
கிறீச் என்றான்.
'அது பாட்டுல உள்ளதுன்னு நினைச்சேனே.
அது இல்லாம ஏறவே ஏறாதே.'

அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து
முன் இடது டயர் மொட்டை என்றான்,
ஈர ரோட்டில் பிடிக்காது என்றான்.